நிற்காத குழலும் நிலைக்காத தந்தியும்

ஐரிஷ், ஸ்காட்டிஷ் மரபிசையில் கிட்டார் ரொம்பப் புதிய ஆள். ஃபிடில் (வயலினுக்கு அங்கே உள்ள பெயர்), பைப், விசில் என்ற சின்னக் குழல், ஹார்ப் என்ற பல தந்தி வாத்தியம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவை. கிட்டாரை அந்த இசைக்காரர்கள் மனசார ஏற்றுக்கொண்டதே 1960, 70களில்தான். அதுவும் பக்கவாத்தியமாக. ஃபிடில்காரர் மெட்டை வாசிப்பார், கிட்டார்காரர் பின்னால் உட்கார்ந்து சுருதியும் தாளமும் பிடித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். அந்தக் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டு இல்லாமல், ஃபிடில் இல்லாமல், ஒற்றை ஆளாக உட்கார்ந்து ரீல், ஜிக் போன்ற ஒரு நடன மெட்டை முழுசாக வாசிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பல வருஷமாக நான் அதிகம் கேட்பது இவர்களைத்தான். அதிலும் டோனி மக்மானஸை.

மக்மானஸ் 1965இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் பிறந்தவர். கல்வித்துறைப் பாதையை விட்டுவிட்டு முழுநேரமாக இசைக்கு வந்தார். முதல் ஆல்பம் 1996இல் வந்தது. 2002இல் வந்த ‘கியோல் மோர்’ என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் உச்சம். ஜான் ரென்போர்ன் போன்ற மூத்த கலைஞரே இவரை உலகின் தலைசிறந்த கெல்டிக் (ஐரிஷ், ஸ்காட்டிஷ் போன்ற மரபிசை) கிட்டார் கலைஞர் என்று பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று புரிய, முதலில் பைப் என்ற வாத்தியத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பையில் காற்று, அதை அழுத்துகிற கை, மெட்டு வாசிக்க ஒரு குழல், சுருதிக்கு மூன்று குழாய்கள். மெட்டுக் குழலில் இருப்பது ஒன்பதே ஸ்வரங்கள். ஒரு முறை ஊத ஆரம்பித்தால் சத்தம் நிற்காது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சரி, அப்படியானால் ஒரே ஸ்வரத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை வாசிப்பது எப்படி? காற்றை நிறுத்த வழியில்லாததால் அது ஒரே நீண்ட ஸ்வரமாகத்தான் கேட்கும். அதற்குப் பைப்காரர்கள் கண்டுபிடித்த வழி, இரண்டுக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு ஸ்வரத்தைச் செருகுவது. விரல் ஒரு துளையை விட்டு எழுந்து உடனே மூடும். காது அதைத் தனி ஸ்வரமாகக் கேட்பதில்லை, ஒரு வெட்டாகத்தான் கேட்கிறது. ஐரிஷ் இசையில் இதையே ‘கட்’ என்கிறார்கள். மேலே ஒரு கட், கீழே ஒரு தட்டு என்று சேர்த்து ஒரு நீண்ட ஸ்வரத்தை மூன்றாகப் பிரித்தால் அது ‘ரோல்’. பைப்பில் வாசிக்க முடியாததை வாசிப்பதற்காகப் பிறந்த உத்தி, காலப்போக்கில் அந்த இசையின் அழகாகவே ஆகிவிட்டது. ஃபிடிலும் விசிலும் அதை எடுத்துக்கொண்டன.

கிட்டாரின் கதை இதற்கு நேர் எதிர். தந்தியை மீட்டிய நொடியிலிருந்தே சத்தம் தேய ஆரம்பிக்கிறது. பைப்புக்கு நிறுத்தத் தெரியாது, கிட்டாருக்கு நீட்டத் தெரியாது. நீட்டத் தெரிந்த வாத்தியங்களும் குரலும் உருவாக்கிய இசையை நீட்டத் தெரியாத வாத்தியத்தில் வாசிப்பதுதான் தனிக் கிட்டார்காரர் எடுத்துக்கொள்கிற வேலை. ட்யூனிங், விரல் வைப்பு, அலங்காரம் என்று இவர்கள் கண்டுபிடித்த எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்த ஒரு சிக்கலுக்கான விடைதான்.

முதல் விடை ட்யூனிங். கிட்டாரின் ஆறு தந்திகளும் வழக்கமாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று இருக்கும். இதில் ஆறாம் தந்தி, இரண்டாம் தந்தி, முதல் தந்தி மூன்றையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. கிட்டார்காரர்கள் எழுத்துக் கூட்டி ‘டாட்கேட்’ என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். இதைப் பரப்பியவர் டேவி கிரஹாம். 1940இல் பிறந்தவர், அப்பா ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்தவர், அம்மா கயானாவிலிருந்து வந்தவர். 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவுக்குப் போனபோது, அங்கே ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிக்கிறவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தோதாக இந்த ட்யூனிங்கை அமைத்துக்கொண்டார் என்பது எல்லோரும் சொல்லும் வரலாறு. லண்டனுக்குத் திரும்பி, ‘ஷீ மூவ்டு த்ரூ த ஃபேர்’ என்ற ஐரிஷ் மெட்டை அதில் வாசித்தார். அந்தப் பதிவைக் கேட்டால், மெட்டு ஆரம்பத்தில் அயர்லாந்தில் நிற்கும், போகப் போக எந்த ஊர் என்றே சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விடும். இந்திய இசையின் பாதிப்பும் அவருக்கு நிறைய உண்டு. ‘புளூ ராகா’ என்றே ஒரு உருப்படி வாசித்திருக்கிறார்.

நான் முதன்முதலாக என் கிட்டாரை இப்படி இறக்கி வைத்திருந்த சமயம், அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து வயலின் வாசிப்பவள், கர்நாடக சங்கீதத்தைத் தவிர வேறெதையும் அதிகம் கேட்காதவள். சும்மா கையை வைத்து ஆறு தந்தியையும் ஒருமுறை வருடினாள்.

“டேய், இதுல காந்தாரமே இல்லையே! ச ப ச ம ப ச. தம்புரா மாதிரி வச்சுட்டு நடுவுல எதுக்கு ஒரு மத்யமம்?”

“அந்த மத்யமம்தான் அக்கா விஷயமே.”

அவள் கேட்டதும் சரி, கண்டுபிடித்ததும் சரி. டி-யைச் ‘ச’ என்று வைத்தால் இந்த ட்யூனிங் அப்படியே ச ப ச ம ப ச. மேற்கத்திய முறையில் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிற ஸ்வரம் காந்தாரம். அது திறந்த தந்திகளில் எங்கேயும் இல்லை. ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளில் நம் சங்கராபரண ஸ்வரங்களில் வருபவை நிறைய உண்டு. அதே அளவுக்கு ஹரிகாம்போதி, கரஹரப்ரியா, நடபைரவி ஸ்வரங்களில் வருபவையும் உண்டு. டேவி கிரஹாம் வாசித்த அந்த மெட்டே ஹரிகாம்போதி ஸ்வரங்கள்தான். இப்படிப்பட்ட இசைக்குக் காந்தாரத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிற ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டை, வைத்தால் மெட்டின் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது போல ஆகிவிடும். 1920களில் அமெரிக்காவில் பதிவான ஐரிஷ் ஃபிடில் இசைத்தட்டுகளில் அது நடந்திருக்கிறது. ஸ்லைகோ மாவட்டத்து மைக்கேல் கோல்மன் அற்புதமாக வாசித்துக்கொண்டிருப்பார், சில தட்டுகளில் பின்னாலிருக்கும் பியானோ எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். டாட்கேட் அந்தத் தப்பைச் செய்வதில்லை. சுருதியைப் போட்டுவிட்டு மெட்டைத் தன் வழியில் விட்டுவிடுகிறது. டெர்ரி நகரத்து டாஹி ஸ்ப்ரூலும், பாத்தி பேண்ட் குழுவின் மீஹால் ஓ டோனலும் 1970களில் இந்த ட்யூனிங்கை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்த பிறகு அது அங்கேயே தங்கிவிட்டது.

ஐரிஷ் மெட்டுகள் நம் ஊருக்கு ஒன்றும் அந்நியமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முத்துசுவாமி தீக்ஷிதர் மேற்கத்திய மெட்டுகளில் எழுதிய நோட்டுஸ்வரங்களில் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டு என்பது பலருக்கும் தெரியும். ‘வந்தே மீனாக்ஷி’யின் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் மெட்டு. மாலோ என்பது கார்க் மாவட்டத்து ஊர். பாட்டு வகுப்பில் குழந்தைகள் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள், அதே மெட்டை அயர்லாந்தில் இன்றும் ஃபிடிலில் வாசிக்கிறார்கள். நோட்டுஸ்வரங்கள் எல்லாமே சங்கராபரணம் என்பதால் அந்த இசையின் ஒரு முகம்தான் நமக்கு வந்து சேர்ந்தது. கரஹரப்ரியா முகம் வந்திருந்தால் தீக்ஷிதர் அதை என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

இப்போது மக்மானஸிடம் வரலாம். ஒரு ரீல் என்றால் எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மொத்தம் 32 பார், நடனத்துக்கான வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குப் போவார்கள். ஸ்வரங்கள் இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிடில்காரருக்கு வில் இருக்கிறது. வில்லைச் சட்டென்று அசைத்து ஒரே ஸ்வரத்தை மூன்று தடவை தெறிக்க விடுவார். ‘ட்ரெபிள்’ என்று அதற்குப் பெயர். கிட்டாரில் அதற்கு வலது கையின் மூன்று விரல்கள் ஒரே தந்தியை ஒன்றன்பின் ஒன்றாக மின்னல் வேகத்தில் மீட்ட வேண்டும். மூன்றும் ஒரே எடையில் விழ வேண்டும். அதே நேரத்தில் கட்டைவிரல் கீழே சுருதியையும் தாளத்தையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வேகம் இதில் சின்ன விஷயம். ட்ரெபிள் முடிந்து அடுத்த ஸ்வரத்தில் கால் வைக்கிற இடம் ஒரு நூல் தள்ளினால்கூட ஆட்டம் செத்துவிடும். மக்மானஸிடம் அது தள்ளுவதே இல்லை. அவர் வாசிக்கிற ட்ரெபிள் வில்லின் சத்தத்துக்கும் பைப்பின் வெட்டுக்கும் நடுவில் எங்கேயோ விழுகிறது. கிட்டாரைக் கேட்கிறோம் என்பதே சில நிமிஷம் மறந்துபோகிறது.

அக்காவுக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். “கமகம் மாதிரி இருக்கு, ஆனா கமகம் இல்லை. ஸ்வரம் அசையவே மாட்டேங்குது, வெட்டு மட்டும்தான் விழுது” என்றாள். இத்தனை வருஷம் படித்த கட்டுரைகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு ஸ்லிப் ஜிக் வந்தது. ஒன்பது எண்ணிக்கை என்றதும் சங்கீர்ணம் என்று நினைத்து நாலும் ஐந்துமாகத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டாம் சுற்றிலேயே கை தானாக மும்மூன்றாக மாறிவிட்டது.

நீட்டத் தெரியாத சிக்கலுக்கு இன்னொரு விடையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒரே தந்தியில் வாசிக்காமல் வெவ்வேறு தந்திகளில் வாசிப்பது. டாட்கேட்டில் மூன்றாம் தந்தி திறந்தால் ம. இரண்டாம் தந்தி திறந்தால் ப. மறுபடி மூன்றாம் தந்தி, நாலாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த நாலாவது கம்பியில்) த. இரண்டாம் தந்தி, நாலாம் ஃப்ரெட்டில் நி. முதல் தந்தி திறந்தால் மேல் ச. வாசித்துப் பாருங்கள், ப இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே த வந்துவிடும், த ஓயுமுன் நி. ஒன்றின் வால்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்வதால் தந்தி தேய்கிறது என்பதே காதுக்குத் தெரியாது. அக்கா கேட்ட மத்யமத்துக்குப் பதில் இதுதான். ம-வும் ப-வும் அடுத்தடுத்த திறந்த தந்திகளாக இருப்பதால்தான் இந்த வித்தை இவ்வளவு சுலபமாகக் கை கூடுகிறது.

இப்படி வாசிக்கும்போது கிட்டார் ஹார்ப்பாக ஒலிக்கிறது. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில், அழிந்துகொண்டிருந்த பழைய ஹார்ப் மரபின் கடைசி ஆட்களைத் திரட்டி ஒரு விழா நடத்தினார்கள். பத்து ஐரிஷ் ஹார்ப்காரர்கள் வந்தார்கள், பலர் வயோதிகர்கள், பலர் பார்வையற்றவர்கள். அவர்களில் டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைத் தாண்டியவர். உலோகத் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டுகிற பழைய முறையில் வாசிக்க அவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார். வாசிப்பதைக் குறித்துவைக்க அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பன்டிங், பத்தொன்பது வயது ஆர்கன் வாத்தியக்காரர். அந்த வேலை அவர் வாழ்க்கையையே பிடித்துக்கொண்டது. 1796, 1809, 1840 என்று மூன்று தொகுப்புகள் கொண்டுவந்தார். அவர் மட்டும் அந்த நாலு நாள் பெல்ஃபாஸ்டில் இல்லாமல் போயிருந்தால், இன்று கிட்டாரில் நாம் கேட்கிற பல மெட்டுகள் அந்தக் கிழவர்களோடே போயிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஹார்ப் மெட்டுகள் என்றாலே டர்லோ ஓ’கரோலன். 1670இல் பிறந்து, பதினெட்டு வயதில் அம்மையில் பார்வையை இழந்தவர். அவருக்குப் படியளந்த மக்டெர்மாட் ரோ குடும்பத்து அம்மாள் ஹார்ப் கற்க ஏற்பாடு செய்து, குதிரையும் துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பினார். அப்புறம் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் பெரிய வீடுகளுக்குப் போய், அந்தந்த வீட்டுக்காரர்கள் பேரில் மெட்டுப் போட்டார். 1738இல் அதே அம்மாளின் வீட்டுக்கே திரும்பி வந்து இறந்தார். இருநூறுக்கு மேற்பட்ட மெட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் மேல்வரி மட்டும்தான். இடது, வலது கைகள் சேர்ந்து வாசித்த முழு ஹார்ப் இசை எப்படி இருந்தது என்பது எழுதிவைக்கப்படவில்லை. ஆகவே அவருடைய மெட்டைத் தனியாக வாசிக்கிற ஒவ்வொரு கிட்டார்காரரும் கீழே போகிற வரியைப் புதிதாக இயற்றியே ஆக வேண்டும். நிகழ்ச்சி அறிவிப்புகளில் ‘மரபு மெட்டுகளும் சொந்த மெட்டுகளும்’ என்று போடுவார்கள். இந்த இசையில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று சொல்வது சுலபமில்லை. கரோலனின் ‘ஷீ பெக் ஷீ மோர்’ மெட்டைப் பத்துப் பேர் வாசித்துக் கேட்டால் பத்து உருப்படிகளாகத்தான் கிடைக்கும்.

வேகமான மெட்டுகளில் கிட்டாரின் குறை ஓரளவு மறைந்துவிடும். மெதுவான மெட்டில் ஒளிய இடமில்லை. நீல் கவ் என்ற ஸ்காட்டிஷ் ஃபிடில் மேதை தன் இரண்டாவது மனைவி இறந்தபோது ஒரு மெட்டுப் போட்டார். அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. முப்பது வருஷத்துக்கும் அதிகமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஃபிடிலில் அந்த மெட்டின் நீண்ட ஸ்வரங்களை வில் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், இழுக்க இழுக்கத் துக்கம் ஏறும். கிட்டாரில் ஸ்வரம் மேலேறிப் போய் நிற்கிறது, உடனே கரைய ஆரம்பிக்கிறது. சாதாரணக் கலைஞர்கள் பயந்துபோய் அந்த இடைவெளியை அலங்காரங்களால் நிரப்புவார்கள். தேர்ந்தவர்கள் கரைய விடுகிறார்கள். இடது கை விரல் தந்தியை லேசாக அசைத்து அதன் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும், கீழே ஒற்றை ‘ச’ முழங்கும், அவ்வளவுதான். மனைவியை இழந்த ஒரு கிழவரின் மெட்டுக்கு வில்லைவிட இந்தக் கரைதல் பொருத்தம் என்று தோன்றிய நாட்கள் எனக்கு உண்டு. ஃபிடில் பிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கெல்டிக் கிட்டார் என்று தேடினால் வந்து கொட்டுகிற பெரும்பாலான பதிவுகள் இதற்கு நேர்மாறானவை. அலையோசை, எதிரொலி, புல்லாங்குழல் ஓரத்தில் ஒரு மூச்சு, மேலே மூடுபனி படம். தூங்க வைப்பதற்கும் மசாஜ் நிலையங்களுக்கும் என்றே செய்தவை. வருத்தமாக இருக்கிறது. இது ஆடுவதற்கான இசை, செத்தவர்களுக்கு அழுவதற்கான இசை. அதன் முதுகெலும்பை உருவிவிட்டுப் பஞ்சு மெத்தையாக விற்கிறார்கள்.

சொந்த மெட்டுகள் பற்றிக் கொஞ்சம். பியர் பென்சூசான் 1957இல் அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் பிறந்து, பாரிஸில் வளர்ந்தவர். பதினேழு வயதில் முதல் ஆல்பம், ஐரிஷ் மெட்டுகளில் ஊறிய வாசிப்பு. 1970களின் பிற்பகுதியிலிருந்து டாட்கேட்டைத் தவிர வேறு ட்யூனிங்கைத் தொட்டதில்லை. போகப் போக எல்லாம் சொந்த ஆக்கங்களாகிவிட்டன. 2001இல் வந்த ‘இன்டுயிட்’ தனிக் கிட்டார் ஆல்பத்தில் வட ஆப்பிரிக்காவும் ஜாஸும் அயர்லாந்தும் ஒரே கையில் கலந்து வருகின்றன. அழகான ஆல்பம், நான் அடிக்கடி கேட்பது. ஆனால் அந்த மெட்டுகளைக் கிட்டாரிலிருந்து பிரிக்க முடியாது. ஒரு விசில்காரர் அதை எடுத்து வாசித்தால் பாதி காணாமல் போயிருக்கும்.

இன்னொரு வகை உண்டு. இங்கிலாந்துக்காரரான சைமன் ஜெஃப்ஸ், ஜப்பானின் கியோட்டோவில் யாரோ கைவிட்டுப் போன ஒரு ஹார்மோனியத்தில் போட்ட மெட்டை 1980களில் வெளியிட்டார். ஐரிஷ் குழுக்கள் அதை ரீல் வேகத்தில் வாசிக்க ஆரம்பித்தன. இன்று பப்களில் கூடி வாசிக்கிறவர்களில் பலர் அதைப் பழைய மெட்டு என்றே நினைத்து வாசிக்கிறார்கள். நீல் கவ் போட்டதும் கரோலன் போட்டதும் இப்படித்தான் மரபுக்குள் போயின. கிட்டார்காரர்களின் சொந்த மெட்டுகளில் எனக்கு அதிகம் பிடிப்பவை இந்த வகைதான். ட்யூனிங்கின் வசதிகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒற்றை வரியாக விசிலில் ஊதினாலும் நிற்கக்கூடியவை.

கேட்க ஆரம்பிக்கிறவர்கள் மக்மானஸின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கி ‘கியோல் மோர்’ வரை வரிசையாக வாருங்கள். பென்சூசான் அதற்கு அப்புறம். வீட்டில் கிட்டார் இருந்தால் சொன்ன மூன்று தந்திகளையும் ஒரு ஸ்வரம் இறக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். தந்தி தளர்ந்ததும் ஐந்து நிமிஷத்தில் சுருதி நகரும், மறுபடி ஒருமுறை சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.